என் மூளையோடு ஒரு நோட்டும் போக வேண்டும்

நான் இறந்த பிறகு என் மூளையை பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இருக்கும் மூளை வங்கிக்கு, ஆராய்ச்சிக்காகக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் பேசியாகிவிட்டது. ஏற்காட்டில் தெரிந்தவர்களிடம் சொன்னபோது எல்லோரும் "உடல் தானமா? நல்ல காரியம்" என்றார்கள். அது வேறு, இது வேறு என்று ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. நான் இந்த முடிவுக்கு வந்த காரணத்தையும் அந்த விளக்கத்தையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் ஆள் பேர் போடுவது, பழம் எடுக்கிற மாதங்களில் சாயங்காலம் எடை பார்த்து எழுதுவது, மழை அளவு, உரக் கணக்கு, மருந்து அடித்த கணக்கு எல்லாம் ரைட்டர் பொறுப்பு. வயது 66. சர்க்கரை உண்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மற்றபடி நடமாட்டத்துக்குக் குறையில்லை.

காரணம் என் அண்ணன்.

அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். பத்து வயதில் அடுப்படியில் உட்கார்ந்தவர். வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, கண்ணி கண்ணியாகக் கோத்து, பற்றவைத்து, மெருகு போட்டு முடிக்கிற வரை எல்லா வேலையும் தெரியும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினால் தீ ஊசி முனையில் போய் நிற்கும். அரிசி அளவு அரும்பைச் சாமணத்தில் பிடித்து அதற்கான இடத்தில் உட்கார வைப்பார், கை அசையாது. அந்தக் கை பின்னாளில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனது.

முதலில் வந்தது நடுக்கம் இல்லை. அது எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது. மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்தால் காபித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகைக்குப் பக்கத்தில் வைக்கலாம் அந்த வாசத்தை. வருஷா வருஷம் அதற்காகவே அண்ணன் பஸ் ஏறி மலைக்கு வருவார். ஒரு வருஷம் பூத்துக் குலுங்குகிற வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு, "இந்த வருஷம் வாசமே இல்லையேடா தம்பி, மழை பத்தலையா?" என்று கேட்டார். எனக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு வாசம். சளி பிடித்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டோம். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அந்தக் காலத்தில்தான் தூக்கத்தில் கையைக் காலை வீசி உதைக்க ஆரம்பித்தார் என்று அண்ணி சொல்கிறார். மலச்சிக்கலும் அப்போது வந்ததுதான். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

அப்புறம் நடுக்கம் வந்தது. நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பு ஏறவில்லை. ஒரு டாக்டர் நடுக்குவாதம், பார்க்கின்சன் என்றார். கொஞ்ச காலத்தில் மறதி சேர்ந்துகொண்டது, இன்னொரு டாக்டர் அல்சைமர் என்றார். பிறகு சாயங்கால வேளையில் திண்ணையில் சின்னப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பயப்படவில்லை. "பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் திங்கக் குடு" என்று அண்ணியிடம் சொல்வார். அதை நிறுத்துவதற்காக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டதும் உடம்பு பலகை மாதிரி விறைத்துப் போய்ப் படுத்தவர், அந்த மாத்திரையை நிறுத்தின பிறகும் பழையபடி எழுந்து நடக்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் இது லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோயாக இருக்கலாம், அப்படி இருப்பவர்களுக்கு இந்த வகை மருந்து ஆகாது என்றார். "இருக்கலாம்" என்றுதான் அவராலும் சொல்ல முடிந்தது. மூன்று நோய்க்கும் வெளியே தெரிகிற அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன, முதலில் பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பின நேரத்தில் அண்ணி கேட்டார்: "ஏந்தம்பி, கடைசி வரைக்கும் அவருக்கு என்ன நோவுன்னே தெரியாமப் போச்சே. பட்டறைப் புகையால வந்ததா, இல்ல வயசாயிட்டா வர்றதா? நம்ம பசங்களுக்கு வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருந்த ஒரே இடம் அவருடைய தலைக்குள்தான், அதை நாங்கள் எரித்துவிட்டிருந்தோம். மூளையைக் கொடுக்கலாம், பார்த்துச் சொல்வார்கள் என்ற விஷயமே அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அவரைக் கவனித்த எந்த இடத்திலும் எங்களிடம் அதைச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், அவன் உதவினான். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. இந்த நோய்களைப் பற்றி இன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்திருக்கிற அடிப்படையான விஷயங்களில் பெரும்பகுதி, இறந்துபோன யாரோ ஒருவருடைய மூளையைத் திறந்து பார்த்ததால் தெரிந்தது.

ஜெர்மனியில் அகுஸ்தே டீட்டர் என்ற பெண்மணி 1901-ல், 51 வயதில், நினைவு குழம்பிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். அவரைப் பார்த்துப் பேசி, சொன்ன பதில்களை எல்லாம் எழுதி வைத்தவர் அலாய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அந்த அம்மா இறந்தபோது அல்சைமர் வேறு ஊருக்குப் போயிருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட நார்கள். அந்த நோய்க்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான். 1912-ல் பிரெடரிக் லூயி, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டையான படிவுகளைப் பார்த்தார். லூயி பாடி என்பது அதுதான். அந்த உருண்டைக்குள் இருப்பது ஆல்பா சைனுக்ளீன் என்ற புரதம் என்று தெரிய 1997 ஆனது. பார்க்கின்சனில் நடுமூளையில் கறுப்பாக இருக்க வேண்டிய ஒரு பட்டை வெளுத்துப் போயிருக்கும், அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாமாம்.

என்னை உலுக்கியது ஹைக்கோ பிராக் என்பவரும் அவர் குழுவினரும் 2003-ல் எழுதியது. இறந்தவர்களின் மூளைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, இந்தப் புரதப் படிவு முதலில் நடுக்கத்துக்கான இடத்தில் வருவதில்லை என்று சொன்னார்கள். மோப்ப நரம்பு சேருகிற இடத்திலும், குடலோடு தொடர்புள்ள மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் ஆரம்பித்து, மெல்ல மேலே ஏறுகிறது என்றார்கள். எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்துகிறதா என்ற விவாதம் உண்டு. ஆனால் நான் படித்தபோது எனக்கு முன்னால் நின்றது அண்ணன்தான். காபிப் பூவின் நடுவில் வாசம் தெரியாமல் நின்ற அண்ணன். நடுக்கம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால்!

இப்போது ரத்தப் பரிசோதனை, பெட் ஸ்கேன் எல்லாம் வந்துவிட்டதே, மூளை எதற்கு என்று என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் மூளையில் படிவு இருக்கிறது என்று ஸ்கேன் காட்டுவது உண்மைதானா என்று முதலில் எப்படிச் சரிபார்த்தார்கள்? ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் இறந்த பிறகு, தானமாக வந்த அவர்களுடைய மூளையைத் திறந்து ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். நாளைக்கு வரப்போகிற பரிசோதனைகளுக்கும் அதே உரைகல்தான்.

இனி, உடல் தானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-லிருந்து இருக்கிறது. இந்தப் பக்கத்தில் உடல் தானம் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது அதுதான். ஒரு மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுத்தால் அது உடற்கூறியல் துறைக்குப் போகிறது. தொடையிலோ கழுத்திலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தை ஏற்றிப் பதப்படுத்துவார்கள். முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் மாதக்கணக்கில் அந்த உடலை வைத்துப் படிப்பார்கள். இப்போதெல்லாம் மாணவர்கள் முதல் நாள் அந்த உடலுக்கு முன்னால் நின்று, மரியாதையோடு நடந்துகொள்வோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். ஜோதி பாசு 2010-ல் இறந்தபோது அவர் உடல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-ல் டெல்லி எய்ம்ஸுக்கும் போனது. பெரிய காரியம், சந்தேகமே இல்லை. நமக்கு ஊசி போடுகிற டாக்டருக்கு நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்ததே இப்படி யாரோ கொடுத்ததால்தான்.

ஆனால் பெரும்பாலும் அது படிப்புக்கு. முதுமை மூளையை என்ன செய்கிறது, அண்ணனுக்கு வந்தது என்ன நோய் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்கு வேறு பாதை இருக்கிறது. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மூச்சு நின்றதும் மூளைக்குள் இருக்கிற நுண்ணிய பொருட்கள் சிதைய ஆரம்பித்துவிடும். அதனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதுவரை உடலைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் சாவு வீட்டுக்கு வாடகைக்கு வருகிற ஃப்ரீசர் பெட்டி இருக்கிறதே, அதுவே அந்த நேரத்துக்குப் பெரிய உதவி. மூளையை எடுத்த பிறகு பொதுவாக ஒரு பாதியை ஃபார்மலினில் போட்டு வைப்பார்கள், நுண்ணோக்கியில் பார்க்க. இன்னொரு பாதியைத் துண்டு துண்டாக்கி மைனஸ் 80 டிகிரி அளவில் உறைய வைப்பார்கள், புரதத்தையும் மரபணுவையும் ஆராய. பல வருஷம் கழித்து, இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை ஆராய்ச்சியாளராகி வந்து அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம். நிம்ஹான்ஸ் மூளை வங்கி 1995-ல் டாக்டர் எஸ். கே. சங்கர் முன்னின்று தொடங்கியது.

மூளையை எடுத்த பிறகு உடலை வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எரிக்கவோ புதைக்கவோ தடையில்லை. உடல் தானத்தில் உடல் திரும்ப வராது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பிரேதப் பரிசோதனை மாதிரித் திறந்த உடலை உடற்கூறியல் துறைகள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை, ஆகவே எது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கண் மட்டும் விதிவிலக்கு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குப் பிறகும் உடலை ஏற்பார்கள்.

உறுப்பு தானம் மூன்றாவது வகை. 2008-ல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர் செய்தது அது. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், சிறுநீரகம் இன்னொருவருக்குப் போவது. 2023-லிருந்து அப்படிக் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும் அதற்காகத்தான். என்னைப் போல வயதாகி வீட்டில் சாகிறவனுக்கு அந்த வழி கிடையாது.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்று போலீஸ் வழக்கானால் முடிவு வீட்டார் கையில் மட்டும் இல்லை. அதை விடவும் முக்கியமானது, நான் கையெழுத்துப் போட்டு வைத்தாலும் இறந்த பிறகு உடலுக்குப் பொறுப்பு வீட்டாருக்குத்தான். அவர்கள் வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தி எடுத்துப் போக மாட்டார்கள். படிவத்தைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால், அது பீரோவிலேயே கிடக்கும். அதனால்தான் முதலில் வீட்டில் பேசினேன்.

என் மனைவி எடுத்ததும் கேட்டது முகத்தைப் பற்றி. "ஏங்க, தலையைத் திறந்தா முகம் என்னாவும்? பாக்க வர்ற சனம் என்ன நெனைக்கும்?" நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். ஒரு காதுக்குப் பின்னாலிருந்து இன்னொரு காதுக்குப் பின்னால் வரை, தலை முடிக்குள்ளேயே கீறுவார்கள். எடுத்த பிறகு தைத்துவிடுவார்கள். படுக்க வைத்தால் தலையணை மறைத்துவிடும், முகத்துக்கு ஒன்றும் ஆகாது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குளிப்பாட்டறப்ப தெரியுமே" என்றாள். தெரியும் என்றேன். அவளிடம் எதையும் மறைத்துச் சம்மதம் வாங்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த நாள் சமையல்கட்டில் நின்றுகொண்டே, "உங்கண்ணனைப் படுத்தி எடுத்த நோவு என்னன்னு நாலு பேருக்குத் தெரியணும்னா குடுத்துருங்க" என்றாள்.

மகனுடைய கேள்வி வேறு. "அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு, அதுவும் ஐப்பசி மழையில ஆயிட்டா என்ன பண்றது?" அவன் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். அங்கிருந்து தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுமார் 200 கிலோமீட்டர். நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் பெங்களூருக்குள் சுற்ற வேண்டியதில்லை, அது ஒரு வசதி. ரோடு நன்றாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். குப்பனூர் பாதை இருக்கிறது, அதுவும் எல்லா நேரமும் கை கொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறோம். டாக்டர் வந்து பார்த்து இறப்புச் சான்றும் காரணமும் எழுதிக் கொடுத்ததும் நிம்ஹான்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். ரோடு அடைத்திருந்தாலோ, நேரம் தாண்டிவிட்டாலோ, அவர்கள் எடுக்க முடியாது என்றாலோ, உடலைச் சேலம் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு போன் நம்பரும் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, அண்ணன் மகளிடமும் மகனிடமும் இருக்கிறது.

இவ்வளவும் ஏற்பாடு. நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மூளையை மட்டும் கொடுத்தால் போதாது என்று நான் நினைக்கிறேன். அந்த மூளை எப்படி வாழ்ந்தது என்ற கணக்கும் கூடப் போக வேண்டும்.

இந்த எண்ணம் வந்தது அண்ணனுடைய சிட்டை நோட்டுகளால். கொலுசுத் தொழிலில் வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாக எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கின எடை, கொடுத்த எடை, சேதாரம், கூலி எல்லாவற்றையும் அண்ணன் தன் கையால் எழுதுவார். அவர் இறந்த பிறகு அண்ணன் மகள் பட்டறையைக் காலி செய்யும்போது ஒரு மூட்டை நோட்டுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "சித்தப்பா, நீங்கதான் கணக்கு எழுதறவங்க, இதை நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். தேதி வாரியாக அடுக்கிப் புரட்டினேன். ஆரம்ப நோட்டுகளில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிறைந்து நிற்கிறது. பிறகு கோட்டை விட்டுக் கொஞ்சம் இறங்குகிறது. ஒரு பக்கத்தின் மேலே பெரிதாக ஆரம்பிக்கிற எழுத்து, கீழே வரும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. "சேதாரம்" என்ற சொல்லில் கடைசி "ம்" புள்ளியே இல்லாமல் கோடாக முடிகிறது. கடைசி நோட்டுகளில் பூதக்கண்ணாடி இல்லாமல் எடையைப் படிக்க முடியவில்லை. பார்க்கின்சனில் எழுத்து இப்படிச் சுருங்குவது டாக்டர்களுக்குத் தெரிந்த அடையாளம். அண்ணனுக்கு நடுக்கம் இருக்கிறது என்று நாங்கள் முதல் டாக்டரிடம் போவதற்கு வெகு முன்னாலேயே அந்த நோட்டில் அது ஆரம்பித்துவிட்டது. தேதியோடு இருக்கிறது. நோய் நடந்துபோன பாதை அண்ணன் கையெழுத்திலேயே எங்களிடம் இருக்கிறது, ஆனால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க மூளை இல்லை.

அமெரிக்காவில் இரண்டும் சேர்ந்து கிடைத்த ஓர் ஆராய்ச்சி உண்டு. 1986-ல் டேவிட் ஸ்னோடன் தொடங்கியது. 75 வயதைத் தாண்டிய 678 கன்னியாஸ்திரீகள் வருஷா வருஷம் நினைவுப் பரிசோதனை செய்துகொள்ளவும், இறந்த பிறகு மூளையைக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, புகைப் பழக்கம் கிடையாது. அதை விட முக்கியம், இளம் வயதில் சபையில் சேரும்போது அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் மடத்திலேயே பத்திரமாக இருந்தன. அறுபது வருஷம் கழித்து மூளையையும் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இருபது வயதில் செறிவாக எழுதியவர்களுக்கு முதுமையில் அல்சைமர் குறைவாக இருந்தது. 101 வயதில் இறந்த மேரி என்ற சிஸ்டர் கடைசி வரை தெளிவாக இருந்தவர், அவர் மூளையைத் திறந்தால் அல்சைமர் படிவுகள் நிறைய. நோய் இருந்தும் அவரிடம் வெளியே தெரியவில்லை! இன்னொன்றும் பார்த்தார்கள். அதே அளவு படிவு இருந்தாலும், கூடவே சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்பும் இருந்தவர்களிடம்தான் மறதி அதிகமாக வெளிப்பட்டது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற என் மாதிரி ஆட்கள் இதைப் படித்தால் மாத்திரையைத் தவறவிட மாட்டார்கள்.

ஏற்காட்டிலும் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிகள் இருக்கின்றன. வயதான சிஸ்டர்கள் ஏரிப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தால் எனக்கு அந்த 678 பேர் நினைவு வரும். நல்ல நினைவோடு இருப்பவர்களின் மூளையும் வேண்டும், நோய் உள்ளவர்களின் மூளையும் வேண்டும், ஒப்பிடாமல் எதையும் சொல்ல முடியாது. இதையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, என் மூளை எதுக்கு?" என்று கேட்கிறவர்களின் மூளைக்குத் தேவை அதிகம்.

அந்த ஆராய்ச்சி அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளைப் பற்றியது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ஐம்பது வருஷம் தீயை ஊதின மூளை எப்படி இருக்கும் என்று அதைப் படித்துச் சொல்ல முடியாது. காபித் தோட்டத்தில் வாழ்ந்த மூளை எப்படி இருக்கும்? நான் ஆள் பேர் போட்ட காலத்தில் இலைத்துருவுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்போம். தண்டுத் துளைப்பான் பூச்சிக்கு லிண்டேன் மருந்தைத் தண்டில் துணியால் பூசுவார்கள், கையுறை என்று ஒன்று அப்போது கிடையாது. களைக்குப் பாராகுவாட் வந்தது. பாராகுவாட் போன்ற மருந்துகளோடு பழகியவர்களுக்குப் பார்க்கின்சன் அதிகம் வருகிறது என்று பல ஆராய்ச்சிகள் சொல்லியிருக்கின்றன. மருந்து அடிக்கிற நாளில் நான் டிரம் பக்கத்தில் நின்று கணக்கு எழுதுவேன். முதுகில் பம்பைத் தூக்கியவர்கள் மலைக் கிராமங்களிலிருந்து வந்த ஆட்கள், என்னை விட நூறு மடங்கு அதிகம் சுவாசித்தவர்கள். அவர்களில் யாருக்கு எந்த வயதில் கை நடுங்கியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இது எனக்கு மனசில் கிடந்து உறுத்துகிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. ஆராய்ச்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் இறந்துபோன கருக்குழந்தைகளின் மூளைகளை 5,132 மெல்லிய துண்டுகளில் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் உலகத்துக்கே திறந்து வைத்தது. நம் பக்கத்திலேயே இவ்வளவு திறமை இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது நம்மிடம் இருக்கிறது.

அதனால் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். நீளமான கணக்கு நோட்டு, எஸ்டேட்டில் எழுதின மாதிரி கோடு போட்டது. முதல் பக்கங்களில் பிறந்த ஊர், படிப்பு, சின்ன வயதில் வந்த காய்ச்சல்கள், மலையில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. அடுத்து எந்த வருஷம் எஸ்டேட்டில் என்ன மருந்து அடித்தோம், நான் எவ்வளவு தூரத்தில் நின்றேன். நினைவில் உறுதியாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன், மங்கலாக இருப்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. சர்க்கரை, பிரஷர் அளவு, மாத்திரை பெயர்கள். அதற்குப் பின்னால் வருஷத்துக்கு ஒரு பக்கம். அதில் அந்த வருஷம் பூ மழைக்குப் பிறகு காபிப் பூ வாசம் எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தூக்கத்தில் கை கால் வீசுகிறேனா என்று மனைவி சொல்லக் கேட்டு எழுதுகிறேன். பக்கத்தின் அடியில் ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு வருஷமும் என் கையால் எழுதி, அளவுகோல் வைத்து எழுத்தின் உயரத்தைக் குறிக்கிறேன். அது அண்ணனுக்காக.

சேலத்தில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வீட்டில், அம்மாப்பேட்டை தறிக்காரர்கள் வீட்டில், மலையில் தோட்ட வேலை பார்த்தவர்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மூளையைக் கொடுக்கிறீர்களோ இல்லையோ, பழைய சிட்டை, ரேஷன் நோட்டு, கடிதம் எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ரசம் கொதிக்கிற வாசம் தெரிகிறதா என்று கேட்டு, தெரியாமல் போன வருஷத்தைக் குறித்து வையுங்கள். என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தப் புகை, எந்த மருந்து என்று அவர்கள் பேசுகிற காலத்திலேயே எழுதி வாங்குங்கள். டாக்டரிடம் போகும்போதும் அது உதவும். அண்ணனுக்கு அந்த விறைப்பு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் இப்படி ஒரு தாள் எங்கள் கையில் இருந்திருந்தால், டாக்டர் யோசித்திருப்பார்.

அடுத்த மாதம் மகன் லீவில் வருகிறான். படிவத்தில் என் கையெழுத்தோடு வீட்டார் கையெழுத்தும் வேண்டும், போட்டு முடித்து நேரிலேயே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். அண்ணன் மகளும் கூட வருகிறேன் என்கிறாள். அப்பாவின் சிட்டை நோட்டுகளை அங்கே யாராவது ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. என் மனைவி தன் பங்குக்குக் கண்ணை மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்கான படிவத்தைச் சேலத்தில் வாங்கி வரச் சொல்லி மகனிடம் போனில் சொல்லிவிட்டாள்.